தம்பிமாரைத் தேடிப்போன மலை

அக்கா,

உங்கள் சப்பாத்துகள் இன்று என் கைக்கு வந்தன. லொங்குய்யில் உங்கள் வீட்டைக் காலிசெய்து கொடுக்கவேண்டிய கடைசிக் கிழமை இது. நானும் மகளும் அலுமாரிகளை வெறுமையாக்கிக்கொண்டிருந்தோம். குளிருக்குப் போடும் மேலங்கிகளுக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருந்தன, மலையேறும் அந்தத் தடித்த சப்பாத்துகள். மகள் பையைத் திறந்து பார்த்தாள். "மமா, இது எறியிறதுக்குத்தானே?" என்று கேட்டாள். நான் வாங்கி முகத்தருகே கொண்டுபோனேன். புழுக்க மணம் இல்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் காய்ந்த செடி ஒரு கொத்து. அந்தச் சரிவுகளில் கல்லுக்குக் கல் முளைத்துக் கிடக்குமே, மிதித்தால் காலெல்லாம் மணக்குமே, அந்தச் செடி. சப்பாத்து நாறாமல் இருக்க அதை உள்ளே செருகி வைக்கச் சொல்லி அங்கத்தைய பெண்கள் உங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். கடைசி முறை போய்வந்தபோது செருகி வைத்திருப்பீர்கள், அடுத்த முறைக்கென்று.

அலுமாரிக் கதவைப் பிடித்தபடி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். மகள் பயந்துபோனாள். ஒன்றுமில்லை என்றேன். அவளுக்குக் கதை அரைகுறையாகத்தான் தெரியும். முழுவதும் தெரிந்தவர் நீங்கள். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

முதன்முதல் உங்களைக் கண்டது மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் மூன்றாம் மாடிக் கதவடியில். எண்பதுகளின் நடுப்பகுதி. இரண்டு அறைக்குள் ஐந்து பெண்கள் இருந்தோம். ஒரு ஞாயிறு பின்னேரம் கதவைத் தட்டினீர்கள். தலைமயிரில் பனி உருகி நெற்றியில் வழிந்துகொண்டிருந்தது. வயது நாற்பதுக்குக் கிட்ட இருக்கும். எனக்கு அப்போது இருபத்தாறு.

"கிருபாவின்ர அக்கா இஞ்சதானே இருக்கிறா?"

"ஓம், நான்தான். நீங்கள் ஆர்?"

"நான் அன்ரனின்ர அக்கா, திருகோணமலை. உங்கட தம்பியும் என்ர தம்பியும் ஒண்டாய் நிக்கினம். நேற்றுப் போன் எடுத்தவன்."

உங்கள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். கிருபா யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு மாதக்கணக்காகியிருந்தது. கனடாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்ற ஒரு ஏஜென்சிக்காரனோடு போனான். அதற்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை. செத்தானோ இருக்கிறானோ என்று தெரியாமல் நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த காலம் அது. நீங்கள் என் கட்டிலில் இருந்து, தேநீரைக் கையில் பிடித்தபடி, தம்பி சொன்னதை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னீர்கள்.

கொழும்பில் ஒரு லொட்ஜில் இருவரும் பழக்கமானார்களாம். ஒரே வயது. ஏஜென்சிக்காரன் அவர்களை ஸ்பெயினில் ஒரு கடற்கரைப் பட்டினம் வரைக்கும் கொண்டுவந்திருக்கிறான். அங்கே பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. பட்டினத்தில் நின்றால் பொலிஸ் பிடிக்கும் என்ற பயத்தில் இருவரும் மலைக்கு ஏறிவிட்டார்கள். மலையூர்களில் தோட்டவேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னார்களாம்.

"எந்த ஊர் எண்டு கேட்டன். பேர் அவனுக்கு வாயில வரேல்லை. வீடெல்லாம் வெள்ளையாம். ஒரு வீட்டின்ர கூரையில நிண்டால் அடுத்த வீட்டின்ர வாசலாம். தெருவுக்கு நடுவால தண்ணி ஓடுதாம். மேல பார்த்தால் பனி, கீழ பார்த்தால் கடலாம். நாங்கள் ரெண்டு பேரும் சுகம், கிருபாவின்ர அக்காவும் மொன்றியலிலதான், தேடிச் சொல்லுங்கோ எண்டான். அதோட லைன் அறுந்துபோச்சு."

அடுத்த அழைப்புக்காக இருவரும் காத்திருந்தோம். வரவில்லை. நத்தார் போனது, தைப்பொங்கல் போனது, தெருவோரப் பனி கறுத்து உருகியும் போனது. டெலிபோன் இருந்தது உங்கள் வீட்டில். ஆனபடியால் நான் வேலை முடிந்ததும் உங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினேன். பேந்து நீங்கள் தைக்கிற தொழிற்சாலையிலேயே எனக்கும் வேலை எடுத்துத் தந்தீர்கள். ஊரில் பெரியாஸ்பத்திரியில் தாதியாக இருந்த நீங்கள் அங்கே சட்டைகளுக்குக் கை பூட்டிக்கொண்டிருந்தீர்கள். அதைப்பற்றி ஒருநாளும் முறைப்பட்டுக் கேட்டதில்லை.

அந்த மெஷின்களுக்கு நடுவில்தான் பிலார் இருந்தாள், ஸ்பெயினில் பிறந்து சின்ன வயதில் இங்கே வந்தவள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஒன்றில் நீங்கள் உங்களுக்குத் தெரிந்த பிரெஞ்சில், கையாலும் காலாலும், அந்த ஊரை அவளுக்கு விளங்கப்படுத்தினீர்கள். கூரைக்கு மேல் வாசல், தெருவில் தண்ணீர், மேலே பனி, கீழே கடல். பிலார் கடித்துக்கொண்டிருந்த பாணை மேசையில் வைத்தாள். நெஞ்சில் கையை வைத்து, "அல்புஹாரா" என்றாள். தெற்கு ஸ்பெயினில், பெரிய பனிமலையின் கடல் பார்த்த பக்கம். அவளுடைய தாயின் ஊரும் அந்தப் பக்கம்தானாம். ஆனால் அப்படி ஊர்கள் அங்கே நிறைய, ஒன்றைப்போல ஒன்று இருக்கும், பலதுக்கு ஒழுங்கான பஸ்சும் இல்லை, நடந்துதான் போகவேண்டும் என்றாள்.

நீங்கள் உடனே சொன்னீர்கள்: "அப்ப நடப்பம்."

என்னுடைய அகதிக் காகிதங்கள் சரிவரும் மட்டும் போக முடியவில்லை. உங்களுக்கு முன்னமே கிடைத்துவிட்டன. தனியாகப் போயிருக்கலாம். போங்கோ என்று நானே சொன்னேன். "ரெண்டு பேரும் ஒண்டாய்ப் போனவங்கள். நாங்களும் ஒண்டாய்ப் போவம்" என்றீர்கள். ஒரு வருசமாக எனக்காகக் காத்திருந்தீர்கள்.

காத்திருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்து நடுவில் நிற்கும் மோன் ரொயால் குன்றில் ஏறி இறங்கிப் பழகினோம். நான் வயல்வெளியில் வளர்ந்தவள். வீட்டுப் படியைத் தவிர எதிலும் ஏறியதில்லை. பாதியில் மூச்சு வாங்கி மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நீங்கள் மேலே நின்று, "எர்மானோ!" என்று கத்துவீர்கள். பிலார் சொல்லித்தந்த சொல். சகோதரன் என்று அர்த்தம். நான் கீழே நின்று, "புஸ்காமோஸ் ஆ நுவெஸ்த்ரோஸ் எர்மானோஸ்" என்று முழு வசனத்தையும் சொல்லவேண்டும். எங்கள் சகோதரர்களைத் தேடுகிறோம். சரியாகச் சொன்னால்தான் அடுத்த வளைவு. ஓடிப்போகிற வெள்ளைக்காரர் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள்.

அடுத்த வருசம், இளவேனிலில் போய் இறங்கினோம்.

முதல் ஊரில் பஸ்சால் இறங்கினோம். அன்ரன் போனில் சொன்னது அத்தனையும் கண்ணுக்கு முன்னால் நின்றது. சுண்ணாம்பு பூசிய வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறினாற்போல இருந்தன. கூரைகள் தட்டை, அவற்றில் உடுப்புக் காய்ந்தது. தெருவுக்கு நடுவில் வெட்டிய ஓடையில் பனித்தண்ணீர் சத்தம்போட்டு ஓடியது. இதுதான் ஊர் என்று நான் ஓடத் தொடங்கிவிட்டேன். நீங்கள் என் தோளைப் பிடித்துத் திருப்பி, பள்ளத்தாக்குக்கு அங்கால் காட்டினீர்கள். அதே மாதிரி வெள்ளையாய் இன்னொரு ஊர். அதற்கு மேலே இன்னொன்று. வளைவுக்கு அப்பால் ஒன்றின் மணிக்கோபுரம்.

அந்தக் கோப்பிக்கடை ஞாபகம் இருக்கிறதா? டொமினோ விளையாடிக்கொண்டிருந்த கிழவர்கள் எங்களைக் கண்டதும் காய்களைக் கையில் வைத்தபடி உறைந்துபோனார்கள். மண்ணிறத்தில் இரண்டு பெண்கள், முதுகில் பை, காலில் தொழிற்சாலைக்குப் போடும் சப்பாத்து. நீங்கள் பெடியள் இருவரின் முகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிய படத்தை மேசையில் வைத்து, எங்கள் வசனத்தைச் சொன்னீர்கள். ஒரு கிழவர் படத்தைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். இல்லை. ஆனால் கோப்பிக்குக் காசு வாங்க விடவில்லை. இரண்டு பாண் துண்டுகளைச் சுற்றி உங்கள் பைக்குள் அவரே வைத்தார்.

பிறகு ஊர் ஊராக நடந்தோம். மலையின் இடுப்பைச் சுற்றி ஓடும் வாய்க்கால் கரையே பெரும்பாலும் எங்கள் பாதை. மேலே பனி உருகிவரும் தண்ணீரை ஊர்களுக்குப் பிரித்துக் கொடுக்க எந்தக் காலத்திலோ வெட்டிய வாய்க்கால்கள். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளம். நான் தண்ணீரைப் பார்த்து நடப்பேன், நீங்கள் பள்ளத்தின் பக்கம் நடப்பீர்கள். கஸ்தானியா என்ற கொட்டை மரங்கள் புதுத்தளிர் விட்டிருந்தன. படிப்படியாய் வெட்டிய தோட்டங்களில் வாதுமைக் காய்கள் பச்சையாய்த் தொங்கின. வட்டமாய்க் கல் பதித்த களங்கள் மலையோரங்களில் இருந்தன. கதிர் போட்டுச் சூடு அடிக்கிற களம் என்று கண்டதும் விளங்கியது எனக்கு. அதில் இருந்து சப்பாத்தைக் கழற்றிக் கொப்புளங்களை எண்ணாமல் உடைத்துக் கட்டினீர்கள், என்னுடையதை முதலில்.

சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அக்கா, அந்த நாட்களில் சிரித்தும் இருக்கிறோம். ஒரு ஆட்டுக்கடா வழியை விடாமல் நின்றதற்கு நீங்கள் திருகோணமலைத் தமிழில் ஏசியதும், அது மரியாதையாக ஒதுங்கியதும். தொலைவில் ஊர் தெரியும், இதோ வந்துவிட்டது என்று நடப்போம், நடுவில் ஒரு பள்ளம் வாயைத் திறக்கும். இறங்கி, ஆற்றைக் கடந்து, மறுபடி ஏறவேண்டும். "இந்த மலை எங்களைப் பேய்க்காட்டுது" என்பீர்கள்.

நாலைந்து ஊர் தாண்டித்தான் முதல் தகவல் கிடைத்தது. கிணற்றடியில் உடுப்புத் தோய்த்த ஒரு பெண் படத்தைக் கண்டதும், "லோஸ் இந்தியோஸ்!" என்றாள், இந்தியப் பெடியள் என்று. இரண்டு பேர், கஸ்தானியா பொறுக்கும் காலத்தில், முந்திய வருசத்துக்கு முந்திய இலையுதிர் காலம். நல்ல பிள்ளைகள். கிழக்குப் பக்கம் போனார்கள். நாங்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தோம். அவளும் ஈரக் கையோடு எங்களைக் கட்டிப்பிடித்தாள்.

அதற்கு அடுத்த ஊரில் ஒரு பாண்கடைக்காரி. அவளும் படத்தை அடையாளம் கண்டாள். பிறகு முகத்தைச் சுருக்கி, நெஞ்சில் கையை வைத்து, இருமிக் காட்டினாள். ஒரு விரலைத் தூக்கினாள். ஒருவன். யார் என்று படத்தில் தொட்டுக் காட்டச் சொன்னோம். விரல் இரண்டு முகங்களுக்கும் நடுவில் அலைந்து, தெரியாது என்று விலகியது. குளிர் கடுமையாக இருந்த நேரம், மேலூர் ஒன்றின் பெயரைச் சொல்லி அங்கே போனார்கள் என்றாள்.

கடைக்கு வெளியே வந்ததும் நின்றீர்கள். மறைக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை.

"விளங்கினதுதானே? ஒருத்தனுக்கு நெஞ்சுச் சளி. குளிருக்குள்ள நடந்திருக்கினம். ஆரெண்டு தெரியாது."

"ஓம்."

அந்த மேலூருக்கான பாதைதான் எல்லாவற்றிலும் செங்குத்து. கழுதைகளுக்காகக் கல்லடுக்கிய பாதை. ஒரு திருப்பத்தில், என்னைப் பார்க்காமல், மேலே பார்த்தபடி சொன்னீர்கள்:

"நீ என்ன நினைச்சுக்கொண்டு வாறாய் எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. நானும் அதைத்தான் நினைச்சுக்கொண்டு வாறன். அதில ஒரு பிழையும் இல்லை. ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லாமல், கையைப் பிடிச்சுக்கொண்டு ஏறுவம்."

கையை நீட்டினீர்கள். பிடித்தேன். அதன் பிறகு எனக்கு அழுகையும் வந்தது, மூச்சும் வந்தது.

அந்த ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. மலையிலேயே கடைசி ஊர்போல ஒன்று, கோயில் மணியும் சில புகைக்கூண்டுகளும். முதல் வீட்டு வாசலில் இருந்த கிழவர் எங்களைக் கண்டதும் படத்தைக் கேட்கவில்லை. எழும்பித் தொப்பியைக் கழற்றினார். ஊருக்கு மேலே, கல்வேலி கட்டிய சரிவைக் கைத்தடியால் காட்டினார்.

ஏறினோம். சரிவில் ஆடுகள் சிதறி மேய்ந்தன. அவற்றுக்கு நடுவில் ஒருவன், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஒருவன்தான். வைக்கோல் தொப்பி, பெரிய சட்டை. உயரத்தைப் பார்த்தால் என் தம்பி. நிற்கிற விதத்தைப் பார்த்தால் உங்கள் தம்பியாகவும் இருக்கலாம். கூப்பிட நாங்கள் வாயைத் திறக்கவில்லை. எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது?

அவன் திரும்பினான். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தான். பிறகு தடியைப் போட்டுவிட்டு ஓடிவரத் தொடங்கினான். மலை முழுக்கக் கேட்கக் கத்தினான்:

"அக்கா!"

அக்கா, அந்த ஒரு சொல்லுக்குள் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். அவன் கிட்ட வந்து முகம் தெளியும் மட்டும் அது என்னுடையதாகவும் இருந்தது, உங்களுடையதாகவும் இருந்தது. காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் குரலும் பிடிபடவில்லை. உங்கள் விரல்கள் என் விரல்களை நெரித்துக்கொண்டிருந்தன.

அன்ரன்.

கல்வேலிக்கு அந்தப் பக்கம் வந்து, என்னைக் கண்டதும் அவன் நின்றுவிட்டான். நான் யாரென்று சொல்லத் தேவையிருக்கவில்லை, கிருபாவின் முகம்தானே எனக்கும். ஒன்றரை வருசமாகத் தேடிய தம்பி கையெட்டும் தூரத்தில் நின்றான். நீங்கள் அவனைத் தொடவில்லை. ஒன்று மட்டும் கேட்டீர்கள்.

"கிருபா எங்க?"

அவன் தலையைக் குனிந்தான்.

நீங்கள் முதுகைத் திருப்பினீர்கள், உங்கள் சொந்தத் தம்பிக்கு. என் இரண்டு கைகளையும் பிடித்து என்னை அந்தக் கல்வேலியில் இருத்தினீர்கள். முன்னால் முழங்காலில் இருந்து, என் கண்ணைப் பார்த்து, மெல்ல, தெளிவாகச் சொன்னீர்கள்:

"உன்ர தம்பி இல்லை. செத்துப்போனான். என்னைப் பார். நான் இஞ்சதான் நிக்கிறன்."

நான் எப்படிக் கத்தினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஆடுகள் கலைந்து ஓடியதாக அன்ரன் பிறகு சொன்னான். ஞாபகம் இருப்பது உங்கள் தோள். உங்கள் சட்டையின் வியர்வை. என் தலையை நீங்கள் விடவே இல்லை. உங்கள் தம்பி உயிரோடு பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தான், நீங்கள் அவனை ஒருதரம் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் நான்தான் சொன்னேன்: "போங்கோ அக்கா. அவனைக் கட்டிப்பிடியுங்கோ." அதற்குப் பிறகுதான் எழும்பினீர்கள்.

அன்ரன் இருந்தது அந்தக் கிழவரின் வீட்டில். கிழவருக்கும் மனைவிக்கும் பிள்ளைகள் இல்லை. குளிருக்குள் வந்த இருவரையும் அவர்கள்தான் ஏற்றார்கள். கிருபாவுக்குக் காய்ச்சல் ஏறியபோது, கீழூர் டொக்டர் வருவதற்கு இடையில் பாதையைப் பனி மூடிவிட்டது. அந்த அம்மா அவனுக்குப் பக்கத்தில் இருந்து சூப் பருக்கியிருக்கிறா. அவன் "அம்மா" என்று அவவைத்தான் கூப்பிட்டானாம். முடிந்தபின் தானே கழுவி, தன் மனுசனின் கலியாண உடுப்பைப் போட்டு விட்டிருக்கிறா. அங்கத்தைய சவக்காலையில் சவப்பெட்டிகளை வைக்கச் சுவரில் அறை அறையாகக் கட்டியிருப்பார்கள். கிழவர் தனக்கென்று வைத்திருந்த அறையை அவனுக்குக் கொடுத்திருந்தார்.

அந்தச் சுவருக்கு முன்னால் நான் நின்றேன். பெயரைத் தங்களுக்குக் கேட்டபடி எழுதியிருந்தார்கள். ஓர் எழுத்துப் பிழை. எனக்கு வந்த கவலை வேறு. "அக்கா, எரிக்கேல்லை. ஒரு தேவாரமும் பாடேல்லை" என்றேன். நீங்கள் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவர். "உனக்குத் தெரிஞ்சதைப் பாடு. நான் பக்கத்தில நிக்கிறன்" என்றீர்கள். பாடினேன். இடையில் குரல் உடைந்தபோது, சொற்கள் தெரியாத நீங்கள் ராகத்தை மட்டும் பிடித்து முனகிக்கொண்டு நின்றீர்கள். அந்த அம்மா எங்களுக்குப் பின்னால் சிலுவை போட்டுக்கொண்டா.

ஏன் போன் எடுக்கவில்லை என்று அன்ரனைக் கேட்டபோது அவன் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்: "எடுத்தால் முதல்ல கேக்கிறது கிருபா எப்பிடி எண்டுதானே. அதுக்கு என்ன சொல்லுறது அக்கா? கீழூர் வரைக்கும் இறங்கிப்போவன். போன் கூட்டுக்குள்ள நிண்டுபோட்டுத் திரும்பி வந்திடுவன்." நீங்கள் அவனை ஏசவில்லை. அவன் தலைமயிரைக் கோதிவிட்டீர்கள்.

ஆனால் மொன்றியலுக்கு வரச்சொல்லிக் கேட்டீர்கள். பல விதமாய்க் கேட்டீர்கள். காகிதங்களுக்கு வழி இருக்கு, நான் கூப்பிடுறன், உனக்கு ஆரடா இஞ்ச. அவன் வரமாட்டேன் என்றான். கிருபாவைத் தனியே விட்டுவிட்டு வர மனமில்லையாக்கும் என்று நினைத்து, "என்ர தம்பிக்காக நீர் இஞ்ச நிக்கவேண்டாம்" என்றேன் நான். அன்ரன் சொன்னான்:

"அவனுக்காக மட்டும் இல்லை. பொய் சொல்லக்கூடாது. எனக்கு இந்த இடம் பிடிச்சிருக்கு. காலமை எழும்பி ஆட்டோட நடக்கத் தொடங்கினால் ஒருத்தரும் என்னை மறிச்சு நீ ஆரெண்டு கேக்கிறேல்லை. ஊரில எனக்கு அது கிடைக்கேல்லை அக்கா."

பஸ் மலையை விட்டு இறங்கியபோது ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதீர்கள். முழுப் பயணத்திலும் நீங்கள் அழுதது அப்போதுதான். உயிரோடு கண்டுபிடித்த தம்பியை நீங்களும் அங்கேதான் விட்டுவிட்டு வந்தீர்கள். அதை என் இழப்புக்குப் பக்கத்தில் வைத்து நீங்கள் ஒருநாளும் அளந்து பேசியதில்லை.

மொன்றியலுக்கு வந்தபின் என் அம்மாவுக்குச் சொல்லவேண்டி இருந்தது. அம்மா கொழும்பில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து போனுக்குக் காத்திருந்தா. நான் "அம்மா" என்றதோடு நின்றுவிட்டேன். நீங்கள் போனை வாங்கினீர்கள். "அம்மா, நான் அவளின்ர சிநேகிதி. பக்கத்தில ஆரும் இருக்கினமோ? முதல்ல இருங்கோ. இருந்திட்டியளா?" என்று கேட்டு, அதே மாதிரி, மெல்ல, தெளிவாகச் சொன்னீர்கள். அந்தப் பக்கம் அம்மா அழுது முடியும் மட்டும் போனை வைக்கவில்லை. பல வருசம் கழித்து அம்மா இங்கே வந்தபோது முதலில் பார்க்கக் கேட்டது உங்களைத்தான். "அந்தப் பிள்ளை என்னைப் பேய்க்காட்டேல்லை" என்றா.

அதற்குப் பிறகு எத்தனை முறை அந்த மலைக்குப் போனோம்! என் கலியாணத்துக்குப் பிறகும் போனோம், நீங்கள் இளைப்பாறிய பிறகும் போனோம். தேடுவதற்கு ஒன்றும் இல்லாமல், நடப்பதற்காகவே நடந்தோம். நல்ல சப்பாத்து வாங்கினோம். நாங்கள் பதறிப் பதறிக் கடந்த ஊர்களை ஆறுதலாக நின்று பார்த்தோம். கம்பளம் நெய்கிறவர்களின் வாசலில் இருந்து கதைத்தீர்கள். உங்கள் ஸ்பானிய மொழி அந்த மலை ஆட்களின் மொழியாகவே ஆகிவிட்டது, பட்டினத்து ஹோட்டல்காரன் கேட்டுச் சிரித்தான். அன்ரன் அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டினான். ஊரில் அவன் அந்தோனியோ. பிள்ளைகளுக்குத் தமிழில் "அத்தை" என்ற ஒரு சொல்தான் தெரியும். அதை உங்களுக்கு மட்டும் இல்லை, எனக்கும் சொன்னார்கள். கிழவரும் அந்த அம்மாவும் போய்ச்சேர்ந்தபோது கிருபாவின் அதே சுவரில் அவர்களையும் வைத்தார்கள். நீங்கள் மூன்று பேருக்கும் பூ வைப்பீர்கள்.

போன மாரியில் நீங்கள் போனீர்கள். ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில், தாதிமாருக்கு ஊசி எங்கே போட்டால் நோகாது என்று நீங்களே காட்டிக்கொடுத்தீர்கள். அன்ரனுக்கு அப்போது காலில் ஒப்பரேஷன், பயணம் செய்ய ஏலாது. அவனுக்குச் சொல்லவேண்டியவள் நானாக இருந்தேன்.

போனுக்கு முன்னால் கனநேரம் இருந்தேன். உடம்பு கொஞ்சம் கடுமை என்று தொடங்கலாமா, நாளைக்கு மிச்சத்தைச் சொல்லலாமா என்றெல்லாம் மனம் சுற்றியது. உங்களோடு இவ்வளவு காலம் நடந்துவிட்டு அப்படிச் செய்ய முடியவில்லை. எடுத்தேன்.

"அன்ரன், நான்தான். பக்கத்தில மனுசி நிக்கிறாவோ? இரும். இருந்திட்டீரா? அக்கா இல்லை. இண்டைக்குக் காலமை போயிட்டா. நோகாமல் போனவ. நான் கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். இப்ப போனை வைக்கமாட்டன்."

அவன் ஸ்பானிய மொழியில் ஏதோ சொன்னான், எனக்கு விளங்கவில்லை. அழுதான். நான் போனைக் காதோடு வைத்திருந்தேன். வெகுநேரத்துக்குப் பிறகு, பாவிக்காமல் துருப்பிடித்த தமிழைத் தேடி எடுத்து அவன் கேட்டான்:

"நீங்கள் இப்ப தனியவோ இருக்கிறியள்? பக்கத்தில ஆர் நிக்கினம்?"

உங்கள் தம்பிதான், அக்கா. தன் துக்கத்துக்குள் நின்றுகொண்டு என்னைக் கேட்கிறான்.

இப்போது இங்கே எங்கள் ஆட்களுக்குள் கெட்ட செய்தி ஒன்றைச் சொல்லவேண்டி வந்தால் என்னைக் கூப்பிடுகிறார்கள். போன மாதமும் லாசாலில் ஒரு பிள்ளைக்கு, மட்டக்களப்பில் தகப்பன் தவறியதைச் சொல்லப் போனேன். கதவு திறந்ததும் அவளை இருத்தினேன், கைகளைப் பிடித்தேன், கண்ணைப் பார்த்துச் சொன்னேன். பிறகு எங்கும் போகாமல் பக்கத்தில் இருந்தேன்.